காற்றறிந்து புறப்படுவோம்

ஆண்டின் கடைசி மாதம் வந்ததும் உலகின் வட பகுதி நாடுகளில் பனி கொட்டத் தொடங்குகிறது. அந்நாட்டு மக்கள் பனிச்சறுக்கு விளையாடும் காட்சிகளை நாம் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்க்கிறோம். பனிக்காலம் என ஒன்று நம் நாட்டில் இல்லையே என்று ஏங்குவோரும் உண்டு. உண்மையில் அந்தப் பனிக்காலம் நம்மை வந்தடையாமல் இல்லை. அது நம்மிடம் பனியாக வருவதில்லை; காற்றாக வருகிறது.

சைபீரியாவிலும் வட சீனாவிலும் குளிர் கடுமையாகும்போது அங்குள்ள காற்று அடர்ந்து கனத்துவிடுகிறது, காற்றழுத்தம் உயர்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று வீசும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன்படி, வடக்கே தேங்கிய குளிர்காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. வழியில் தென்சீனக் கடலைக் கடக்கும்போது அது கடலின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையை எட்டும்போது அது குளிர்காற்றாக இருப்பதில்லை. மழை சுமந்த காற்றாக மாறியிருக்கிறது. இதுவே நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று. இக்காலத்தைக் கிழக்குக் கரை மக்கள் 'தெங்குஜூ' என்கின்றனர்.

இக்காற்றின் வழியில் இயற்கை ஒரு மதிலை எழுப்பி வைத்திருக்கிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கு நோக்கி நீளும் தித்திவங்சா மலைத்தொடரே அம்மதில். அதற்குக் கிழக்கே தாகான் மலைத்தொடரும் நிற்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தன் மழையின் பெரும்பகுதியைக் கிழக்கிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே வரும் காற்றில் ஈரம் குறைவு. ஆகவேதான் கோத்தா பாருவிலும் கோலத் திரெங்கானுவிலும் நவம்பர், டிசம்பரில் ஒரே மாதத்தில் 500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்வது புதிதன்று. ஜனவரி, பிப்ரவரியில் அலோர் ஸ்டாரில் பெய்யும் மழையோ 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

நம் நாட்டில் ஆண்டிறுதி விடுமுறைக்கு இடம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது விடுதிக் கட்டணத்தையன்று. காற்று வீசும் திசையை. ஜூலை மாதத்தில் சொர்க்கமாக இருக்கும் தீவு டிசம்பரில் பூட்டிக் கிடக்கும். அழகான புகைப்படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மலைக்கு மேற்கே

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நாட்டிலேயே வானம் மிகவும் தெளிவாக இருக்கும் பகுதி வடமேற்கு மூலைதான். பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்கள் இதில் அடங்கும். நவம்பர் இறுதியில் இங்கும் வெள்ளம் ஏற்படுவதுண்டு. அதனால் பயணத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

லங்காவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோல கெடாவிலிருந்தும் கோல பெர்லிசிலிருந்தும் அங்குப் பயணப் படகுகள் செல்கின்றன. வரியில்லாச் சாக்லேட் வாங்கவே பலரும் போகிறார்கள் என்றாலும், அத்தீவின் பெருமை அதன் பாறைகளில் இருக்கிறது. மச்சின்சாங் மலையின் மணற்பாறைகள் 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டது. தென்கிழக்காசியாவில் அத்தகுதியைப் பெற்ற முதல் இடம் அதுவே. பெர்லிசில் காக்கி புக்கிட் என்னும் சிற்றூரில் உள்ள கெலாம் குகை, முன்பு ஈயம் எடுத்த இடம். இன்று அதன் உள்ளே அமைக்கப்பட்டுள்ள நடைபாதையில் நடந்து மலையின் மறுபுறம் வெளியேறலாம்.

தமிழ் பயிலும் மாணவர்கள் ஒருமுறையேனும் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் கெடாவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் அருகே, சிற்றோடை ஒன்றின் கரையில், புக்கிட் பத்து பகாட் என்னும் பழைய கோவிலின் கல் அடித்தளம் இருக்கிறது. மேற்கூரை இல்லை, தூண்களைத் தாங்கிய கற்கள் மட்டுமே வரிசையாக நிற்கின்றன. இப்பகுதியையே பழந்தமிழர் கடாரம் என்றனர். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் பெயருக்கு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் எழுதியிருக்கிறார். சோழப் பேரரசன் முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படையெடுத்து, 'கடாரம் கொண்டான்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றான்.

கப்பல்கள் இவ்விடத்தைத் தேடி வந்ததற்கும் நாம் மேலே பேசிய காற்றே காரணம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் எந்திரம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழகக் கரையிலிருந்து வணிகர்கள் வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்தனர். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிய பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. காற்று மாறும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. கடலிலிருந்து வருபவர்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தொலைவிலேயே அடையாளம் காட்டியது. அதன் அடிவாரத்தில் அவர்கள் தங்கினர். தங்கிய இடத்தில் வழிபட்டனர். மாதக் கணக்கில் காத்திருந்த மனிதர்கள் விட்டுச் சென்ற கற்களை அதே வடகிழக்குக் காற்று வீசும் டிசம்பரில் பார்ப்பது பொருத்தமானதுதான்.

பினாங்கில் ஜார்ஜ்டவுன் நகரின் பழைய தெருக்களை நடந்தே சுற்றலாம். மலாக்காவுடன் சேர்த்து 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் பினாங்கு மலைக்கும் செல்லலாம். ஆனால், பள்ளி விடுமுறையில் அங்கு வரிசை நீண்டிருக்கும். காலை முதல் வண்டியில் ஏறிவிடுபவரே புத்திசாலி. மலாக்காவும் காற்றால் வளர்ந்த துறைமுகமே. அங்குள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் 1781ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. மலாக்கா செட்டிகள் எனப்படும் மக்கள் இன்றும் அதனைப் பராமரித்து வருகின்றனர்.

மலைக்கு மேற்கே இருந்தால் மழையே பெய்யாது என எண்ணிவிடக் கூடாது. பேராக்கில் உள்ள தைப்பிங், மேற்கில் இருந்தும் நாட்டின் மழை மிகுந்த நகரங்களுள் ஒன்று. நகரை ஒட்டியே மலை எழுவதால் கடலிலிருந்து வரும் ஈரம் அங்கு மழையாகிவிடுகிறது. தைப்பிங் ஏரிப் பூங்காவின் பெருமரங்கள் சாலையின் மேல் கிளை நீட்டி நிற்பதற்கு அம்மழைதான் காரணம். குடையோடு போனால் தைப்பிங் மிக அழகிய ஊர்.

சேற்று நிலத்தின் விருந்தினர்

வடக்கின் குளிருக்கு அஞ்சி நம் நாட்டுக்கு விடுமுறையில் வருபவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். சைபீரியாவிலும் வட சீனாவிலும் நிலம் உறைந்துபோகும்போது பறவைகளுக்கு அங்கு இரை கிடைப்பதில்லை. உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் போன்ற கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தெற்கே வருகின்றன. அவற்றுள் சில ஆஸ்திரேலியா வரை செல்லும். பல நம் நாட்டுச் சேற்றுக் கரைகளிலேயே தங்கிவிடும். செப்டம்பரில் வரத் தொடங்கும் இவ்விருந்தினர் மார்ச் வரை இங்கிருப்பர்.

அவற்றைக் காணச் சிலாங்கூரில் உள்ள கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா நல்ல இடம். தலைநகரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். காலையில் புறப்பட்டு இரவே வீடு திரும்பிவிடலாம். விடுதிச் செலவு இல்லை என்பதால் பெரிய குடும்பங்களுக்கு இது கையைக் கடிக்காத பயணம். பேராக்கின் கோல குலாவும் பறவைகளுக்குப் பெயர் பெற்றது. அது ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் ஒரு பகுதி. அதே காட்டைச் சேர்ந்த கோல செப்பெத்தாங்கில், பாக்காவ் மரங்களைக் கரியாக்கும் பழைய சூளைகளையும் பார்க்கலாம்.

பறவை பார்க்கச் செல்பவர்கள் கடலின் ஏற்றவற்றத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் பரந்த சேற்றில் சிதறி இரை தேடும். கரையிலிருந்து பார்த்தால் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏற, அவை கரையை நோக்கி ஒதுங்கி ஓரிடத்தில் கூடும். அப்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். ஒரு தொலைநோக்கியும் கொஞ்சம் பொறுமையும் போதும். சத்தம் போட்டுப் பறவைகளைக் கிளப்பிவிட்டுப் படமெடுப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. நெடும்பயணத்திற்குச் சேர்த்து வைக்கும் கொழுப்பை அவை வீணே செலவிட நேரும். சேற்றுக் கரையை வெறும் சேறு என்று நினைத்து மண் கொட்டி நிரப்பிவிட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்தைத் தேடி வரும் பறவைக்கு இறங்க இடமிருக்காது.

மாலையில் அங்கிருந்து கம்போங் குவாந்தானுக்குச் சென்றால், சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதைப் படகில் அமர்ந்து காணலாம். முழுநிலவு நாளிலும் கனமழையிலும் அந்த ஒளி எடுபடாது. படகில் கைப்பேசி விளக்கை அணைத்து வைக்கச் சொல்வார்கள். சொல்வதற்கு முன்பே அணைத்துவிடுவோம்.

குளிர் தேடி மலைக்கு

கேமரன் மலை என்றதும் பலருக்கும் ஸ்ட்ராபெரியும் சோளமும் நினைவுக்கு வரும். 1885ஆம் ஆண்டில் நில அளவாய்வு செய்ய வந்த வில்லியம் கேமரனின் பெயரால் அழைக்கப்படும் இம்மலை, பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. பெரும்பாலோர் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ பேராக்கிலிருந்து ஏறுவதால், அதைப் பேராக் என்றே எண்ணிக்கொள்கின்றனர். போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டபோது காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இருந்தனர். இன்று படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சை வரிகள் ஒவ்வொன்றும் கையால் போடப்பட்டவை. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கச் செல்பவர்கள் தொழிலாளர்களின் குடியிருப்புகளையும் கோவிலையும் கடந்துதான் செல்கிறார்கள். வண்டியின் வேகத்தில் பலரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

டிசம்பரில் இம்மலையில் மழைக்குக் குறைவில்லை. தொடர்மழைக்குப் பிறகு மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்படுவதும் உண்டு. மண் ஈரத்தை உறிஞ்சிக் கனமாகும்போது, அதைப் பிடித்து வைக்கும் மர வேர்கள் இல்லாத சரிவு கீழே வழிகிறது. எனவே, இரவில் மழையோடு மலையேறுவதைத் தவிர்ப்பது நல்லது. பள்ளி விடுமுறையின் வார இறுதிகளில் பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்வதும் எல்லாரும் அறிந்ததே. வாரநாளில் செல்ல முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம்.

மழை விழும் கரை

விடுமுறை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தலைநகரில் வாழ்பவர்களுக்காகவே எழுதப்படுகின்றன. கிழக்குக் கரைக்குப் போகாதீர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கிழக்குக் கரையிலேயே வாழும் மாணவனுக்கும் அதே டிசம்பரில்தான் விடுமுறை என்பதை அவ்வரி மறந்துவிடுகிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடப்பட்டிருக்கும். அலைகள் உயர்ந்து படகுப் பயணம் ஆபத்தாகிவிடும். சிறிய படகுகளில் செல்லும் மீனவர்கள் பல நாள் கரையிலேயே தங்கிவிடுவர். வலை பின்னுவதும் படகு பழுதுபார்ப்பதும் அப்போதுதான். கடலுக்குப் போகாத நாளுக்கு வருமானம் இல்லை என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மழை சிலருக்கு இடரையும் கொண்டு வருகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களைத் தாக்கிய பெருவெள்ளத்தில் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கிளந்தானில் கோல கிராய் போன்ற இடங்களில் வீடுகள் கூரைவரை மூழ்கின. இத்தகைய காலங்களில் பள்ளிகளே துயர்துடைப்பு மையங்களாகின்றன. தான் பாடம் படித்த வகுப்பறையில் குடும்பத்தோடு பாய் விரித்துப் படுக்கும் மாணவனுக்கு விடுமுறை என்ற சொல்லின் பொருளே வேறு. கிழக்குக் கரையில் உறவினரோ நண்பரோ இருந்தால், டிசம்பரில் அங்குப் போகலாமா என்று கேட்பதற்கு முன் அவர்கள் நலமா என்று கேட்கலாம்.

வெள்ளம் இல்லாத நாள்களில் கிழக்குக் கரைக்கென்று ஓர் அழகு உண்டு. கோலத் திரெங்கானுவில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாளைச் செலவிடலாம். 1303ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் திரெங்கானு கல்வெட்டு அங்குதான் உள்ளது. ஜாவி எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்லை யுனெஸ்கோ 2009இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வெளியே மழை கொட்டும்போது சுடச்சுடக் கெரோப்போக் லெக்கோர் தின்பதற்கு இணையான சுவை ஜூலையின் வெயிலில் கிடைக்காது என்பார்கள் அவ்வூரார், அதை மறுப்பதற்கில்லை. பகாங்கின் செராத்திங் கடற்கரையில் இப்பருவத்தில் எழும் அலைகளைத் தேடி அலைச்சறுக்கு வீரர்கள் வருகின்றனர். நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அது விளையாட்டு. மற்றவர்கள் கரையில் நின்று பார்க்கலாம். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கால் நனைக்கவும் இறங்கக் கூடாது.

தென்சீனக் கடலைக் கடந்து

சபாவும் சரவாக்கும் பரப்பளவில் தீபகற்பத்தைவிடப் பெரியவை. இரண்டையும் சேர்த்து ஒரே வாரத்தில் பார்த்துவிட நினைப்பவர்கள் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதே சரி. தீபகற்பத்திலிருந்து செல்வோர் அங்குக் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அடையாள அட்டையை மறந்துவிடக் கூடாது.

கூச்சிங் நகரில் டிசம்பரும் ஜனவரியும் ஆண்டின் மிக ஈரமான மாதங்கள். பாக்கோ தேசியப் பூங்காவிற்குப் படகில்தான் செல்ல முடியும். கடல் கொந்தளித்தால் படகு கிடைக்காது. ஆனால், 2022இல் திறக்கப்பட்ட போர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகத்திற்கு மழை ஒரு பொருட்டன்று. சரவாக்கின் பல்வேறு இனத்தவரின் வாழ்க்கையை அதன் மாடிகள் ஒவ்வொன்றாக விளக்குகின்றன.

மீரிக்கு அருகிலுள்ள நியா குகையையும் இப்பருவத்தில் பார்க்கலாம். 1958ஆம் ஆண்டில் அங்குத் தோண்டியெடுக்கப்பட்ட மனித மண்டையோடு ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 2024இல் யுனெஸ்கோ அக்குகைத் தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குகைக்குச் செல்லும் மரப்பாதை மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி கட்டாயம். முலு தேசியப் பூங்காவின் மான் குகையிலிருந்து மாலையில் இலட்சக்கணக்கான வௌவால்கள் புகைபோலச் சுருண்டு வெளியேறும் காட்சி புகழ்பெற்றது. அந்நேரத்தில் மழை பெய்தால் வௌவால்கள் வெளியே வருவதில்லை. அதனால் அங்கு ஓர் இரவுக்கு மேல் தங்க முடிந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

உண்மையான குளிரை நம் நாட்டிலேயே உணர வேண்டுமானால் சபாவின் கினபாலு மலைதான் இடம். அதன் உயரம் 4,095 மீட்டர். உச்சியில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். சில ஆண்டுகளில் பாறைக் குழிகளில் தேங்கிய நீர் உறைந்துபோகும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பனிக்கட்டியா என்று வியக்கலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது என்னும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வியப்பு அகன்றுவிடும். கடற்கரையில் 28 பாகை என்றால் உச்சியில் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

மலையேறுவதற்கு முன்பதிவும் வழிகாட்டியும் உடற்பயிற்சியும் வேண்டும். டிசம்பரில் பாறைகள் ஈரமாக இருப்பதால், மழையும் காற்றும் கடுமையானால் உச்சிக்குச் செல்லும் பாதையை மூடிவிடுவார்கள். ஏறாதவர்களுக்குக் குண்டாசாங் போதும். அங்கிருந்து அதிகாலையில் பார்த்தால் மலை முழுவதும் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். விடுமுறையில் தாமதமாக எழுபவர்கள் கினபாலுவைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிய கதைகள் நிறைய உண்டு. சபாவின் கிழக்குக் கரையில் உள்ள சண்டக்கானில் இப்பருவத்தில் மழை மிகுதி. 1964இல் தொடங்கப்பட்ட செப்பிலோக் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்திற்குச் செல்பவர்கள் மழையங்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றங்கரையில்

இடங்களைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. விடுமுறை என்றால் நம் குடும்பங்கள் பலவும் அருவிக்கும் ஆற்றங்கரைக்கும்தான் செல்கின்றன. செலவு குறைவு, பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. ஆனால், ஆண்டின் இறுதி மாதங்களில் அங்கு ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மலாயில் அதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். ஆனால், மலையின் மேலே கனமழை பெய்துகொண்டிருக்கும். மேலே திரண்ட நீர் மரக்கிளைகளையும் கற்களையும் அடித்துக்கொண்டு, சில நிமிடங்களில் சுவர்போல் கீழே பாய்ந்து வரும். நீந்தத் தெரிந்தவரும் அதில் தப்புவது அரிது.

அதற்குச் சில முன்னறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் வழக்கத்திற்கு மாறாக மிதந்து வரும். நீரின் வேகமும் மட்டமும் கூடும்; மேலிருந்து இரைச்சல் கேட்கும். சில வேளை நீர் சட்டென்று மேலும் குளிர்ந்துவிடும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பையையும் செருப்பையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் நடுவிலுள்ள பாறைமேல் நிற்பது பாதுகாப்பன்று. மலைமேல் மேகம் கறுத்திருந்தால் முதலிலேயே நீரில் இறங்காமல் இருப்பதே அறிவு. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று பெரியவர்கள் தயங்கும்போது, படித்த பிள்ளைகள் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. மரியாதையோடு சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகாது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கான எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் நிறம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. செம்மஞ்சள் நிறம் நிலைமை மோசமாவதைக் காட்டுகிறது. சிவப்பு நிறம் பேராபத்தைக் குறிக்கிறது. அத்துறையின் 'மைசுவாச்சா' செயலியில் செல்லும் ஊரின் நிலையைப் பார்க்கலாம். செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த மாநிலத்திற்குப் போடப்பட்ட பயணத்தைத் தள்ளிவைப்பதால் முன்பணம் போகலாம். போனால் பணம்தான் போகும். மேற்குக் கரையில் வாழ்பவர்களும் இதைப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் நடுப்பகுதியில் விடாது பெய்த மழையில் ஷா ஆலம் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதிகள் மூழ்கியபோது, மலைக்கு மேற்கே இருக்கிறோம் என்ற நிம்மதி யாருக்கும் உதவவில்லை.

மார்ச் நெருங்கும்போது வடக்கில் வெயில் ஏறுகிறது. சைபீரியாவின் குளிர்காற்று தளர்கிறது. கிழக்குக் கரையில் அலைகள் தணிகின்றன. பெர்ஹெந்தியானில் விடுதிக்காரர்கள் கதவுகளைத் திறந்து, மணலைக் கூட்டி, வண்ணம் பூசுகின்றனர். மேற்கே போர்ட்டிக்சனை அடுத்துள்ள தஞ்சோங் துவானில் வேறொரு காட்சி தொடங்குகிறது. நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்திற்குச் சொந்தமான நிலமுனை அது. குளிருக்கு அஞ்சித் தெற்கே சென்றிருந்த தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து அங்குதான் கரையேறுகின்றன. கடலின்மேல் அவற்றைத் தூக்கிவிட வெப்பக்காற்று எழுவதில்லை. அதனால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் அகலமே உள்ள குறுகிய பகுதியை அவை தேர்ந்தெடுக்கின்றன. கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால், முற்பகலில் களைத்த இறக்கைகளோடு தலைக்குச் சற்று மேலாகவே அவை தாழ்ந்து பறந்து வருவதைக் காணலாம். மரங்களுக்கு மேல் சூடான காற்று கிடைத்ததும் வட்டமிட்டு உயர்ந்து, வடக்கே சென்று மறைகின்றன.